தேர்தற் செலவை ஏற்பவர் யார்?

கூட்டுறவு இயக்கத்தின் கொள்கைகளுள் தலையாயது, "அங்கத்தினர் ஒருவருக்கு வாக்கு ஒன்று" என்பதாகும். சங்கத்தில் ஒரு பங்கு உடையவரும் நூறு பங்கு உடையவரும் பொதுச்சபையில் சமமானவரே. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 28 உழைப்பாளிகள் கூடி ஒரு பண்டகசாலையைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளர் பலர். அவர்கள் வகுத்த முறையே பின்னர் உலகெங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழிகாட்டியாயிற்று.

அந்த முன்னோடிகளுள் சிலர், சாசன இயக்கம் என்னும் அரசியல் கிளர்ச்சியிலும் பங்கு கொண்டவர்கள். 1838-ல் வெளியிடப்பட்ட மக்கள் சாசனத்தில் ஆறு கோரிக்கைகள் இருந்தன. இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று; பாராளுமன்ற உறுப்பினருக்குப் பொதுப் பணத்திலிருந்து சம்பளம் அளிக்க வேண்டும் என்பது மற்றொன்று. வாக்குரிமை கேட்டவர்கள் சம்பளத்தைப் பற்றி ஏன் பேசினார்கள்? வாக்களிக்கும் உரிமை ஏழைக்குக் கிடைத்தாலும், அமர்ந்து பேசும் வசதி செல்வர்க்கே இருக்குமாயின், அந்த உரிமை பாதி உரிமையே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். இரகசிய வாக்கெடுப்பு அந்நாட்டில் 1872-ல் வந்தது. உறுப்பினர் சம்பளமோ 1911-ல்தான் வந்தது.

நம் நாட்டில் இவ்விரண்டும் குடியரசின் தொடக்கத்திலேயே நமக்குக் கிட்டிவிட்டன. ஆயினும் அந்தப் பழைய கேள்வி வேறோர் உருவத்தில் நம் முன் நிற்கிறது. தேர்தலில் நிற்பதற்கு ஆகும் செலவை ஏற்பவர் யார்? இக்கேள்வியைக் குறித்துச் சென்ற கால் நூற்றாண்டில் நம் நாட்டுக் குடிமக்கள் சிலர் ஆற்றிய தொண்டினை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

முன்பணம் தந்தவர் சொல்லும் விலை

அவலாஞ்சியிலும் அதனைச் சூழ்ந்த குந்தாப் பகுதியிலும் உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் பயிரிடுவோருக்கு ஒரு செய்தியை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. விதைக்கும் உரத்துக்கும் மண்டியில் முன்பணம் பெற்றவர், விளைந்த மூட்டையை அதே மண்டிக்கே அனுப்பியாக வேண்டும். அங்கே விலை சொல்லும் வாய் முன்பணம் கொடுத்தவருடையது. சமவெளியில் கைத்தறி நெய்வோரின் நிலையும் இதுவே. முதலாளியிடம் நூலும் முன்பணமும் பெற்றவர், சேலையை அவர் சொன்ன கூலிக்கே மடித்துக் கொடுக்க வேண்டும்.

இக்கட்டினை அவிழ்க்கவே சங்கங்கள் பிறந்தன. நெசவாளருக்காகக் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது 1935-ல். மலை விவசாயிகளுக்காக நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியதும் அதே 1935-ல்தான். பலர் சிறு சிறு பங்குகளாகப் போட்ட பணம், ஒருவர் கொடுத்த பெரிய முன்பணத்தின் இடத்தைப் பெற்றது. விலை சொல்லும் உரிமையும் அதனோடு கைமாறியது.

தேர்தலிலும் இந்நியாயமே செல்லும். நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். உதகமண்டலம், குன்னூர், கூடலூர், மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் என்னும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கியுள்ளன. அவலாஞ்சியின் மலைத்தோட்டமும் சிறுமுகையின் தறிக்குழியும் ஒரே வேட்பாளரின் வருகைக்குக் காத்திருக்கின்றன. மலையேறி, காடு கடந்து, சமவெளியில் இறங்கி இத்தனை ஊர்களுக்கும் சென்றுவர வாகனம் வேண்டும், எண்ணெய் வேண்டும், துண்டறிக்கையும் ஆட்களும் வேண்டும். நேர்மையான வேட்பாளருக்கும் இது பெருஞ்செலவே. அச்செலவைத் தனியொருவர் முன்பணமாகக் கொடுத்துவிட்டால், வெற்றி பெற்றவரின் வாய்ச்சொல் பிறகு யாருடையதாக இருக்கும்?

இது வெறும் தத்துவம் அன்று. 1823-ல் நிகழ்ந்த பெரிய மலைச்சரிவின் காரணமாகவே அவலாஞ்சி அப்பெயரைப் பெற்றது. 2019 ஆகஸ்டு மாதத்தில் அங்கே ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய இடத்தில் சாலையோரத் தடுப்புச்சுவர் ஒழுங்காகக் கட்டப்படுதல் உயிரைப் பற்றிய விஷயம். சுவர் கட்டும் குத்தகைதாரரே தேர்தற் செலவுக்கும் பணம் தந்தவராயின், சிமெண்டு குறைந்ததை யார் யாரிடம் கேட்பது?

சட்டம் விதித்த வரம்பு

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வேட்பாளரின் செலவுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. 2022 ஜனவரியில் அவ்வரம்பு, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் நாடாளுமன்றத் தொகுதிக்கு 95 இலட்சம் ரூபாயாகவும் சட்டமன்றத் தொகுதிக்கு 40 இலட்சம் ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால், கட்சி தன் பெயரால் செய்யும் செலவுக்கு எவ்வித வரம்பும் இல்லை. வீட்டின் முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்துவைத்தது போன்றது இது.

இவ்விபத்தினை முன்னரே கண்டவர் உண்டு. லஞ்ச ஒழிப்பு முறைகளை ஆராய்வதற்காக 1962-ல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைவராக இருந்தார். 1964-ல் அளித்த அறிக்கையில் அக்குழு ஓர் எளிய கணக்கைக் காட்டியது. நாட்டிலுள்ள குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் தாம் விரும்பும் கட்சிக்குக் கொடுத்தாலே, எல்லாக் கட்சிகளின் நியாயமான தேவைக்கும் அது போதும் என்பதே அக்கணக்கு. பலரிடம் சிறிது சிறிதாகத் திரட்டுவதை விட்டு, சிலரிடம் பெருந்தொகை வாங்கும் குறுக்கு வழியே ஊழலுக்கு ஊற்று என்று அக்குழு கருதியது. ஒரு ரூபாயின் மதிப்பு அன்றிருந்ததற்கு இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. எனினும் அந்தக் கணக்கின் உண்மை குறையவில்லை. கூட்டுறவாளருக்கு இது பழகிய பாடமேயன்றோ?

கணக்குக் கேட்ட குடிமக்கள்

பத்தாண்டு கழிந்து, 1974-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் "ஜனநாயகத்துக்கான குடிமக்கள்" என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். நீதிபதி தார்க்குண்டேயின் தலைமையில் அவர் அமைத்த குழு, கட்சிகளின் வரவு செலவைத் தணிக்கை செய்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 1975-ல் கூறியது. தொகுதிதோறும் வாக்காளர் மன்றங்கள் அமைத்தல் வேண்டும் என்பதும் அதன் யோசனை.

1980-ல் எச்.டி. ஷோரி என்னும் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி "காமன் காஸ்" என்ற பொதுநல அமைப்பை நிறுவினார். அது தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கட்சிகள் தம் வருமானக் கணக்கை ஆண்டுதோறும் ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்பதை வற்புறுத்தியது.

1999-ல், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் ஆசிரியர்களான திரிலோசன் சாஸ்திரி, ஜகதீப் சோக்கர் முதலியோர் "ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம்" என்ற அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் வேண்டியது பெரிதன்று. வேட்பாளரின் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, கல்வி என்ன, அவர்மீது குற்ற வழக்கு உண்டா என்னும் செய்திகளை வாக்காளர் முன்கூட்டியே அறிதல் வேண்டும் என்பதே. டில்லி உயர் நீதிமன்றம் 2000-ல் இதனை ஏற்றது. 2002 மே 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

கட்சிகளுக்கு இது உவப்பாக இல்லை. அவ்வாண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றம் கேட்டவற்றுள் பலவற்றை வேட்பாளர் வெளியிட வேண்டியதில்லை என்று ஆக்கினர். குடிமக்கள் மீண்டும் நீதிமன்றத்தை நாடினர். 2003 மார்ச் 13-ஆம் நாள் அத்திருத்தம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. இன்று வேட்புமனுவோடு இணைக்கப்படும் பிரமாணப் பத்திரத்தை எவரும் தேர்தல் ஆணையத்தின் வெளியீட்டில் படிக்க முடிகிறதென்றால், அது இவ்வழக்கின் பயன். அப்பத்திரங்களைத் தொண்டர்கள் பலர் ஒவ்வொரு தேர்தலிலும் படித்துத் தொகுத்து மக்கள் முன் வைக்கின்றனர்.

மறைவில் இருந்த பத்திரங்கள்

2018 ஜனவரியில் அரசாங்கம் தேர்தல் பத்திரத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. முன்னர் ஒரு கம்பெனி தன் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு ஏழரைப் பங்குக்கு மேல் கட்சிகளுக்குத் தரலாகாது என்ற விதி இருந்தது. அவ்வரம்பும் 2017-ல் நீக்கப்பட்டுவிட்டது.

ரொக்கமாகக் கைமாறும் கறுப்புப் பணத்தை இத்திட்டம் வங்கி வழிக்குக் கொணரும் என்று அரசாங்கம் வாதித்தது. வங்கிக்குத் தெரிவது வாக்காளருக்குத் தெரியாமலிருப்பது ஏன் என்பதே எதிர்த்தவர்களின் கேள்வி. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் காமன் காஸும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தனர். முன்னாள் கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா, தகவல் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பி, எவ்வளவு பத்திரம் விற்றது, அச்சுக்கும் வங்கிக் கழிவுக்கும் அரசாங்கம் எவ்வளவு செலவிட்டது என்பவற்றை வெளிக்கொணர்ந்தார்.

2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து இத்திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். விவரங்களைத் தரக் காலநீட்டிப்புக் கேட்ட வங்கியின் கோரிக்கையும் மறுக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் பத்திரம் வாங்கியவர் பட்டியலும் பெற்ற கட்சிகளின் பட்டியலும் நாட்டு மக்கள் முன் வந்தன. ஆறாண்டு மறைந்திருந்த கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டது.

வாக்குக்குப் பணம்

மேலிருந்து வரும் பெரும்பணம் கீழே எங்கு வந்து முடிகிறது என்பதைத் தமிழ்நாட்டார் அறிவர். வாக்காளருக்குப் பணம் வழங்கப்பட்ட காரணத்தால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளின் தேர்தலை ஆணையம் ரத்து செய்தது. 2017 ஏப்ரலில் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் அவ்வாறே நிறுத்தப்பட்டுப் பின்னர் நடைபெற்றன. இது நமக்குப் பெருமை தருவதன்று.

தேர்தற் காலத்தில் இதன் துன்பம் குற்றமற்றவரையும் தாக்குகிறது. மேட்டுப்பாளையத்தில் காய்கறி விற்ற பணத்தோடு மலையேறும் விவசாயியைப் பறக்கும் படையினர் வழியில் நிறுத்துகின்றனர். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்து, அதற்குரிய சீட்டு இல்லையாயின் பணம் பறிமுதலாகிறது. தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள் முதல் முடியும் வரை, விற்பனைச் சீட்டை உடன் வைத்திருத்தலும், கூடியவரை வங்கி வழியாகப் பணம் பெறுதலும் அறிவுடைமை. பணம் பிடிபட்டால் மாவட்ட அளவில் அமைக்கப்படும் முறையீட்டுக் குழுவிடம் ஆதாரங்களைக் காட்டி மீட்கலாம்.

பொதுப் பணத்தில் தேர்தல்

கணக்கை வெளியிடுவது பாதி மருந்து. வேட்பாளர் நேர்மையாகச் செலவிடுவதற்கும் பணம் வேண்டுமே! அதனைப் பொதுமக்களே கூட்டாக ஏற்பது மறுபாதி. பொதுப் பணத்தில் தேர்தல் என்பதன் பொருள் இதுதான்.

நம் நாட்டில் இதன் சிறு பகுதி ஏற்கெனவே உள்ளது. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு வானொலியிலும் தூர்தர்ஷனிலும் கட்டணமின்றிப் பேச நேரம் ஒதுக்கப்படுகிறது. வாக்காளர் பட்டியல் இலவசமாக அளிக்கப்படுகிறது. விதிகளுக்கு உட்பட்டு வருமான வரி விலக்கும் உண்டு. 1998-ல் இந்திரஜித் குப்தா தலைமையிலான குழு, இதனை விரிவாக்கலாம் என்று கூறியது. பணமாகத் தராமல், எரிபொருள், தாள், தபால் தலை, ஒலிபெருக்கி போன்ற பொருள்களாகத் தரலாம் என்பது அதன் யோசனை. பணமாகக் கொடுத்த விவசாயக் கடன் திசைமாறுவதையும், விதையாகவும் உரமாகவும் கொடுத்த கடன் நிலத்தில் சேர்வதையும் கண்ட நமக்கு இதன் பொருத்தம் எளிதில் விளங்கும். அந்த யோசனை இன்னும் முழு உருவம் பெறவில்லை.

அமெரிக்காவில் உருளைக்கிழங்கு விளைச்சலுக்குப் பெயர்பெற்ற மெயின் மாநிலத்தில், குடிமக்கள் கையொப்பம் திரட்டி 1996-ல் நேரடி வாக்கெடுப்பின் மூலம் "தூய தேர்தல் சட்டம்" ஒன்றைக் கொண்டுவந்தனர். அதன்படி வேட்பாளர் தம் தொகுதி மக்களிடம் தலைக்கு 5 டாலர் வீதம் குறித்த எண்ணிக்கையினரிடம் பெற வேண்டும். அதனால் அவருக்கு மக்கள் ஆதரவு உண்டென்பது தெளிவாகும். பிறகு பொது நிதியிலிருந்து பிரசாரச் செலவுக்குத் தொகை கிடைக்கும்; தனியாரிடம் அவர் கை நீட்டலாகாது. 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் இது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றத் தீர்ப்பொன்றால் வலுவிழந்தபோது, 2015-ல் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தி அதனை வலுப்படுத்தினர்.

அதே நாட்டில் டோரிஸ் ஹாடாக் என்னும் மூதாட்டி, தேர்தலில் பெரும்பணத்தின் ஆதிக்கத்தை எதிர்த்து 1999 ஜனவரி முதல் நாளன்று கலிபோர்னியாவிலிருந்து நடக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 3,200 மைல் நடந்து 2000 பிப்ரவரி 29-ஆம் நாள் தலைநகரை அடைந்தபோது அவருக்கு வயது 90. கட்சிகளுக்கு வரம்பின்றிப் பாய்ந்த நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2002-ல் நிறைவேறியது. ஜெர்மனியிலோ, ஒரு கட்சி தானாகத் திரட்டும் வருமானத்துக்கு மேற்பட்டு அரசாங்க உதவி பெறலாகாது என்பது விதி. உதவியையே நம்பிக் கட்சி சோம்பிவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

எழுப்பப்படும் ஆட்சேபங்கள்

"வரிப்பணத்தைக் கட்சிகளுக்குக் கொடுப்பதா?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அச்செலவை இன்றும் ஏற்பவர் நாம்தாம். தரமற்ற சாலையாகவும், ஏறிய விலையாகவும், கிடைக்காத உரிமையாகவும் அதனை வட்டியோடு செலுத்துகிறோம்.

"பொதுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கறுப்புப் பணத்தையும் வாங்கினால்?" என்பது மற்றொரு கேள்வி. இது வலுவான ஆட்சேபம். 1999-ல் சட்ட ஆணையம், முழுப் பொதுச் செலவில் தேர்தல் விரும்பத்தக்கதே ஆயினும், பிற வழிப் பணத்தைத் தடுத்தபின்பே அது பொருந்தும் என்று கூறியதும், அரசியல் சட்டத்தின் செயல்முறையை ஆராய்ந்து 2002-ல் அறிக்கை அளித்த குழு, முதலில் கட்சிகளின் உள்நிர்வாகத்தையும் கணக்கையும் ஒழுங்குபடுத்துக என்று கூறியதும் இக்காரணத்தாலேயே. தணிக்கை இல்லாத சங்கத்துக்கு அரசாங்க நிதி அளிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். ஆகவே தணிக்கை முன்னும் நிதி பின்னுமாக இரண்டும் இணைந்து வர வேண்டும்.

பெரிய கட்சிகளுக்கு மட்டும் உதவினால் புதியவரும் சுயேச்சையாளரும் நசுங்குவர் என்ற அச்சமும் உண்டு. மெயின் மாநிலத்தார் செய்ததுபோல், மக்களிடம் சிறுதொகை பெற்றவர் எவராயினும் உதவி பெறலாம் என்று வகுத்தால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

சட்டம் வரும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. சங்கம் எந்தக் கட்சியையும் சாராது. ஆனால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் குடிமகனே. இப்போதே செய்யத்தக்கவை சில:

முதலாவது, வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைப் படித்தல். படிக்கத் தெரிந்த ஓரிளைஞர், தெரியாத பெரியவர் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டினால் ஓர் ஊருக்கே பயன்.

இரண்டாவது, பணம் வாங்காதிருத்தல். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமே. ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. முறைகேட்டைக் கண்டால் 1950 என்ற தொலைபேசி எண்ணுக்கோ, ஆணையத்தின் சி-விஜில் செயலியிலோ தெரிவிக்கலாம்.

மூன்றாவது, கணக்கைப் பார்த்தல். தேர்தல் முடிவு வெளியான 30 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தம் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். நீலகிரி மாவட்டத்தார்க்கு அது உதகையிலுள்ள ஆட்சியர் அலுவலகம். தேர்தல் நடத்தை விதிகளின்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் அக்கணக்கைப் பார்வையிடலாம். எத்தனை வாகனம் ஓடியது, எத்தனை கூட்டம் நடந்தது என்பதைக் கண்ணால் கண்ட நம்மைவிட அக்கணக்கைச் சரிபார்க்கத் தக்கவர் யார்?

சந்தானம் குழு காட்டியதும் ஒரு ரூபாய். கணக்கைத் திறக்கும் கட்டணமும் ஒரு ரூபாய். முன்னது தேர்தற் செலவில் நமக்குள்ள பங்கு. பின்னது அதன் தணிக்கையில் நமக்குள்ள உரிமை. பங்கும் தணிக்கையும் நம் கையில் இருந்தமையாலேயே சங்கங்களை மண்டியின் பிடியிலிருந்தும் முதலாளியின் நூற்கடனிலிருந்தும் மீட்டோம். அவ்விரண்டையும் தேர்தலிலும் கைக்கொள்வோமாயின், நம் பிரதிநிதி முன்பணம் தந்தவருக்கன்றி நமக்கே கடன்பட்டவராக இருப்பார்.